ஏழ்மைக்கு அளவெடுத்தவர்

ஏழைகளுக்கு என்று ஒரு சீருடை இருப்பதாக உறுதியாக நம்பும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கல்யாணப் பந்தியிலும், ரேஷன் கடை வாசலிலும், உங்கள் அலுவலகத்தில் அடுத்த நாற்காலியிலும் கிடைப்பார்கள். ஏழை என்றால் துணி கிழிந்திருக்க வேண்டும். கிழிசல் தோள்பட்டையில் இருந்தால் உத்தமம். தலை எண்ணெய் கண்டிருக்கக் கூடாது. கண்ணில் ஈரம், காலில் புழுதி. இதில் ஒன்று குறைந்தாலும் இவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலானோர் இந்த ஞானத்தை மனசுக்குள்ளேயே வைத்திருந்து போய்ச் சேர்கிறார்கள். வெகு சிலருக்குத்தான் அதையே தொழிலாகச் செய்யும் பாக்கியம்.

ரங்கநாத் பாக்கியசாலி. ஆழ்வார்திருநகரியில் பிறந்து, சென்னைக்குப் போய், சினிமாவுக்கு உடை வடிவமைக்கிறவர். இரண்டு படங்கள் ஊற்றிக்கொண்ட பிறகு, போராடிப் பிடித்த மூன்றாவது படம் இது. 2091-இல், உலகம் நாசமான பிறகு நடக்கிற கதை. "ஏழைங்களப் பாத்ததும் எனக்குத் தொண்டை அடைக்கணும் ரங்கா. அடைக்கலைன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்று இயக்குநர் ஜெயகணேஷ் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள் என்பது ரங்கநாத்துக்கு அனுபவப் பாடம்.

ஆகவே அவர் ஓர் இலக்கணமே வகுத்திருந்தார். 2091-இல் வெயில் கொல்லும். பணக்காரர்கள் தலை முதல் கால் வரை மூடியிருப்பார்கள்: முழுக்கைச் சட்டை, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி. ஏழைகளுக்கு வெறுங்கால், கந்தல், அழுக்கு. "உடம்ப மூடிக்க வசதி இருக்கறவன் பணக்காரன். அவ்வளவுதான் சார் எதிர்காலம்" என்று முழங்காலில் இரண்டு ஜன்னல் திறந்த ஜீன்ஸை அணிந்துகொண்டு அவர் விளக்கும்போது, கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளம். உலகம் நாசமானது போல் காட்ட செட் எதுவும் தேவைப்படவில்லை என்று கலை இயக்குநர் மகிழ்ந்தார். உப்பளத் தொழிலாளிகளாக நடிக்க உப்பளத்துப் பெண்கள் நாற்பது பேரையே பேசினார்கள். அவர்களுக்காக ரங்கநாத் நாற்பது சேலைகளை மூன்று வாரம் வதைத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டார். கம்பி பிரஷ்ஷால் பிராண்டினார். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு காரணம், ஒவ்வொரு கறைக்கும் ஒரு வரலாறு. பெற்ற தாய்கூட ஒரு பிள்ளையை இப்படிப் பார்த்துப் பார்த்து அலங்கரித்திருக்க மாட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் சேலைகளைக் கொடுத்து, "காலையில இதக் கட்டிக்கிட்டு வந்துருங்கம்மா. ரொம்பப் பத்திரம்" என்றார். பெண்களுக்குத் தலைவி போல முன்னால் நின்ற முத்துச்செல்வி, சேலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"பத்திரமா கொண்டாரோம் சார்" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணி. நாற்பது பெண்களும் வரிசையாக வந்தார்கள். 

சேலைகள் துவைக்கப்பட்டிருந்தன. சொட்டு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தார்கள். கிழிசல்கள் ஒன்றுவிடாமல் தைக்கப்பட்டிருந்தன. தலைகளில் பிச்சிப்பூ.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க!"

"அதான சார்! எந்தப் பாவி குடுத்தானோ, நாய் பிடுங்குன துணி மாதிரில்லா இருந்துச்சு" என்றாள் முத்துச்செல்வி பெருமையோடு. "கறை போவ மாட்டேன்னுட்டு. குடிக்க வச்சிருந்த தண்ணில மூணு தடவ அலசுனோம். கிழிசல் பூரா நம்ம பிலோமிதான் தச்சா. எங்கன கிழிஞ்சுதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

பிலோமி வெட்கத்தோடு முந்தானையை நீட்டிக் காட்டினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க ஏழையா நடிக்கணும்மா!"

"ஏழன்னா அழுக்கா வரணுமா? நல்லாருக்கே! சினிமாவுல மூஞ்சி வரும், எம் மவளுக்குச் சம்பந்தம் பேசுதவுக பாப்பாகல்லா. போட்டா எடுக்க எவளாவது கந்தலோட வருவாளா சார்?"

"கொஞ்சம் சேத்துலயாவது உருண்டு எழுந்திரிங்களேன்" என்று ரங்கநாத் கெஞ்சினார்.

"ஏளா பிலோமி, உருளுதியா?"

"வேலைக்குப் போகையிலயே நான் உருண்டதில்ல. சும்மா நிக்கதுக்கா உருளணும்?"

இயக்குநரின் கார் தூரத்தில் புழுதி கிளப்பி வந்தது. மூன்றாவது படமும் போயிற்று என்று ரங்கநாத்தின் கண்கள் இருண்டன. இருண்ட கண்களுக்கு முன்னால் அவருடைய உதவியாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாயம் போன பனியன், கிழிந்த ஜீன்ஸ், சீவாத தலை, ராத்திரி ரயிலில் தூங்காத முகம். அவர் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஏழைகள்! "செருப்பக் கழட்டுங்கடா" என்று பாய்ந்தார் ரங்கநாத். அவர்களோடு கேமரா ஆட்கள், லைட் ஆட்கள் என்று ஐந்தே நிமிடத்தில் முப்பது பேர் உப்புப் பாத்திக்குள் நின்றார்கள். பெண்களிடம், "இன்னிக்கு நீங்க வேண்டாம்மா. பாத்தா ஏழ மாதிரி தெரியல" என்றார்.

முத்துச்செல்வி மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "சரி வாங்கடி, அரைநாள் வேலையாவது பாப்போம்" என்று கிளம்பிவிட்டாள்.

கேமராவை நிறுத்தி முடிப்பதற்குள் வெயில் ஏறியிருந்தது. இயக்குநர் மானிட்டரில் பார்த்தார். உப்புத் தரையின் சூடும் உறுத்தலும் வெறுங்காலில் ஏற, உதவியாளர்கள் நிஜமாகவே துடித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநருக்குத் தொண்டை அடைத்தது. "பிரமாதம் ரங்கா!" ரங்கநாத் மறுபிறவி எடுத்தார்.

"ஆனா பின்னால யாரு அது? இந்த சீன்ல பணக்காரங்க கிடையாதே?"

ரங்கநாத் திரும்பினார். சட்டகத்தின் கோடியில் நாற்பது உருவங்கள். உப்பின் வெண்மை கண்ணைக் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. அரிப்புக்கு முழங்கால் பூட்ஸ், கையுறை. வெயிலுக்குச் சேலைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டை. அவர் வகுத்த இலக்கணம் அச்சுப் பிசகாமல் உப்பு வாரிக்கொண்டிருந்தது.

அவர்கள் யார் என்று சொல்ல அவருக்கு ஒரு விநாடி கிடைத்தது. தொண்டை அடைத்தது, இம்முறை அவருக்கு.

"தப்பா வந்துட்டாங்க சார். ஒதுக்கிடறேன்."

ஓடிப்போய் மூச்சிரைக்கச் சொன்னார்: "கொஞ்சம் தள்ளிப் போயிருங்கம்மா. பணக்காரங்க மாதிரி தெரியுது."

முத்துச்செல்வி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இது நாங்க வேல செய்யுத பாத்தி சார். நீங்கதான் உங்க ஏழைங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லணும்."

படம் அடுத்த வருஷம் வரும். ஏழைகள் தத்ரூபமாக இருப்பதாக எல்லோரும் எழுதுவார்கள். ரங்கநாத்தை நினைத்து நீங்களும் நானும் நன்றாகச் சிரித்துக்கொள்ளலாம். சிரித்து முடித்த பிறகு, சும்மா ஒரு கேள்வி. வெள்ளம் வடிந்த மறுவாரம் அரிசிப் பை கொடுக்கப் போனீர்களே, அப்போது வரிசையில் மடிப்புக் கலையாத சேலையோடு நின்றவளைப் பார்த்து, "இவளுக்கெல்லாம் எதுக்கு?" என்று பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்தீர்கள் அல்லவா? அவள் சேலை எத்தனை இடத்தில் கிழிந்திருந்தால் அந்தப் பையை முழு மனதோடு கொடுத்திருப்பீர்கள்?