சனிக்கிழமை கவுன்

"விவாகரத்து வேணும், சரி. என் கவுன் எங்கேய்யா?" என்று கேட்டார் வக்கீல்.

தையல்காரர் தரையைப் பார்த்தார். கோர்ட்டுத் தெருவில் கடை போட்டிருந்ததால் ஊரிலுள்ள குடும்ப வக்கீல்கள் எல்லோரும் அவருக்கு வாடிக்கை. எல்லோருக்கும் 'வர்ற வியாழக்கிழமை' என்று தேதி சொல்லியிருந்தார். எந்த வியாழக்கிழமை என்று சொல்லாததுதான் அவருடைய தொழில் நுணுக்கம்.

அதைத்தான் மனைவி கெடுத்தாள். இவர் "வியாழக்கிழமை" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், பக்கத்தில் கைத்தையல் போட்டுக்கொண்டிருக்கும் அவள், "இன்னும் துணியே வெட்டலைங்க" என்பாள். பதினோரு வருஷமாக இதே பாட்டு. இனி சேர்ந்து வாழ முடியாது என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

வக்கீல் சொன்ன ஃபீஸுக்குத் தையல் மிஷினோடு இஸ்திரிப் பெட்டியையும் விற்க வேண்டும்.

"தவணையில தரட்டுங்களா?"

"என் கவுனே தவணையிலதானே வருது. போன மாசம் ஒரு கை மட்டும் காட்டினே."

அடுத்த வக்கீலிடம் உஷாராக முந்திக்கொண்டு, "வர்ற வியாழக்கிழமை ரெடி சார்" என்றார். அவர் துணியையும் முன்பணத்தையும் திருப்பிக் கேட்டார்.

மிச்சமிருந்தது தெருக்கோடியில் புதிதாக ஆபீஸ் திறந்திருந்த வக்கீலம்மா. அவர் ஒருவர்தான் இன்னும் தையல்காரரிடம் மாட்டாதவர். அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அம்மாவுக்குப் புது கவுன் வேணும். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துட்டா, அதையே ஃபீஸா வச்சுக்கச் சொல்லிப் பாக்கறேன். ஒரு நிமிஷம் தப்பினாலும் பேச்சே கிடையாது."

நிஜமான தேதிக்கு வேலை முடித்துத் தையல்காரருக்குப் பழக்கமில்லை. தனி ஆளாக முடிக்கிற வேலையில்லை. வேறு வழியில்லாமல் மனைவியிடமே போய் நின்றார்.

"புது வக்கீலம்மாவுக்கு ஒரு கவுன். சனிக்கிழமைக்கு வேணும்."

"எந்த சனிக்கிழமை?"

"இந்த சனிக்கிழமைதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

பெண்களுக்குப் போட்டு அளவு சரிபார்ப்பது எப்போதும் அவள் வேலை. வெள்ளிக்கிழமை காலை, முக்கால்வாசி முடிந்த கவுனோடு அவளைத்தான் அனுப்பினார். திரும்பி வர நேரமாயிற்று. தோளில் கால் இஞ்ச் இறக்கச் சொன்னாள். அன்று பொழுது சாய்வதற்குள் கவுன் முடிந்துவிட்டது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"சொன்ன தேதிக்கு ஒரு வேலையாவது முடியறதைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இவளையா விடப் பார்த்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது. இப்படி ஒற்றுமையாக உட்கார்ந்து தைத்தால் ஊரிலுள்ள பாக்கி கவுன் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாமே.

சனிக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கவுனை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு விவாகரத்தும் வேணாம், ஒண்ணும் வேணாங்க. அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. கவுனுக்குக் காசு மட்டும் குடுத்தாப் போதும்."

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"காசு எதுக்குங்க? நேத்து அளவு பாக்க வந்தப்பவே உங்க வீட்டம்மா அவங்க கேஸைக் குடுத்துட்டாங்க. ஃபீஸுக்கு இந்தக் கவுன், பத்து மணிக்குள்ள நீங்களே கொண்டு வருவீங்கன்னும் சொன்னாங்க."