வெள்ளரிக்காய் விஷயம் வெளியே தெரியக்கூடாது

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம்கூட வேண்டாம், யாரிடமும் சொல்லாதே என்றால் அவர் மாடிப்படி இறங்குவதற்குள் ஊருக்கே சொல்லிவிடுவார். மற்றபடி இங்கே நாங்கள் அனைவரும் நலம். மேல் மாடியில் உங்கள் நலமறிய ஆவல். சாயங்காலம்தான் லிஃப்டில் பார்த்தோம் என்றாலும், கடிதம் என்றால் நலம் விசாரிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

விஷயம் தம்பியைப் பற்றியது. அவனுக்கு ஆட்டிசம் என்பதும், நாலு வயதிலேயே தட்டை இன்ஸ்பெக்டர் மாதிரி சோதனை போடுகிறான் என்பதும் உங்களுக்குத் தெரியும். வெள்ளைச் சோறு, ஓரம் வெட்டிய பிரெட், இவ்வளவுதான் இப்போது அவன் தொடுவது. சோறும் பிரெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் இரண்டுமே குற்றவாளி, இரண்டுக்கும் தள்ளுபடி. உங்களுக்குத் தெரியாதது மற்றதெல்லாம் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான். ஒருநாள் அவனாகவே முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்து நக்கினான். அதைப் பார்த்துவிட்டு அப்பா பந்தயத்தில் ஜெயித்த மாதிரி கை தட்டி விசிலும் அடித்தார், தம்பி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனான், முட்டைக் கதை அத்தோடு முடிந்தது. வாழைப்பழத்தைக் கடித்தபோது அம்மா அழுதுகொண்டே வீடியோ எடுத்து, "இன்னொரு தடவை கடிடா ராஜா, அம்மாவுக்காக" என்று கெஞ்சினாள், வாழைப்பழமும் போச்சு. அப்புறம் பாலில் ஏதோ சத்துப் பவுடரைக் கலந்தாள். நான் குடித்துப் பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் டம்ளரை ஒரு தடவை மோந்து பார்த்தார். பாலுக்கும் அன்றோடு தலைமுழுக்கு.

இப்போது ஆபத்து சோற்றுக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் தம்பிக்கு எடை பார்க்கப் போகிறார்கள். எடை ஏறவே இல்லை. அதனால் அம்மா நாளைக்குக் காலிஃபிளவரை வேகவைத்து, அரைத்து, அவன் சோற்றில் கலக்கப் போகிறாள்.

"வெள்ளையாத்தானே இருக்கு, அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"பாலுக்கு நடந்தது மறந்துபோச்சாம்மா? சோறும் போயிட்டா அப்புறம் வெறும் பிரெட்தான்."

"வந்துட்டாங்க பெரிய டாக்டரம்மா! போ, போய் கணக்கைப் போடு."

"ஒளிச்சுக் குடுக்காதீங்கன்னு அந்த உணவு ஆலோசகர் அக்காவே சொன்னாங்களே!"

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. ராத்திரி அவன் விலா எலும்பைத் தடவிப் பாத்துட்டுப் படுக்கறது நானு."

 நான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டேன்.

சித்தி, ரகசியம் இதுதான். தம்பி வெள்ளரிக்காய் சாப்பிடுகிறான்! வீட்டுப்பாடம் எழுதும்போது கொறிக்க நான்தான் நறுக்கி வைத்திருந்தேன். மேஜைக்கு அடியில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவனின் கை மெதுவாக மேலே வந்தது, ஒரு துண்டு காணாமல் போனது, அப்புறம் கீழேயிருந்து கடக் கடக் என்று சத்தம். நான் மூச்சுகூட விடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக இது நடக்கிறது. திரும்பிப் பார்த்தால் வைத்துவிடுவான், பார்க்காவிட்டால் தின்பான். நேற்று கேரட்டும் உள்ளே போனது. ஆரஞ்சு நிறம், சித்தி! அம்மாவிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் அம்மாவுக்குச் சந்தோஷம் வந்துவிடுமே, அதுதானே பயம்! அம்மா வீடியோ எடுப்பாள், அப்பா விசிலடிப்பார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன ஏது என்று ஓடி வருவார், வெள்ளரிக்காயும் வாழைப்பழம் போன வழியே போய்ச் சேரும்.

அம்மா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். விடிந்ததும் போன் செய்து எப்படியாவது தடுத்துவிடுங்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், உடனே காலிஃபிளவர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாலும் சரிதான். வெள்ளரிக்காயைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள். இதை விடியற்காலையில் உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடுவேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: இன்ஸ்பெக்டர் தூக்கத்திலிருந்து எழுந்து என் மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த துண்டுகளையும் தீர்த்துவிட்டார். காலித் தட்டில் கை துழாவுகிறது. இப்போதுதான், சித்தி, "இன்னும்" என்றான்! இதுவரை எந்தச் சாப்பாட்டையும் அவன் வாய் திறந்து கேட்டதே இல்லை. "ஐயோ என் தங்கமே!" என்று கத்திவிட்டேன். நான்தான், சித்தி, நானேதான் கத்தினேன். கூடத்தில் விளக்கு எரிகிறது. அப்பாவின் செருப்புச் சத்தம். அவன் கை மேலேயே நிற்கிறது, கீழே இறங்கவில்லை, சித்தி, இன்னும் இறங்கவில்லை, யாரோ கதவைத் தட்டு