நான் அரிசி கடத்திய சனிக்கிழமை

என் பெயரில் ஒரு வழக்கு உண்டு. முப்பத்தைந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று "பொய் சொல்லாதே, திருடாதே" என்று எழுதிப்போட்ட கைதான், அரிசி கடத்தியதாக ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன வாரம் என் பேரன் கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்று காற்றை வெட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வேறு ஒரு உலகம் தெரியுமாம். கெட்ட வழியில் போகும் பிள்ளைகளை இந்த மாதிரி விளையாட்டுக்குள் விட்டு, தப்பு செய்தால் என்ன ஆகும் என்று காட்டித் திருத்துகிறார்களாம். "சூப்பர் ஐடியா இல்லையா தாத்தா?" என்றான். எழுபதுகளிலேயே உன் தாத்தா இதை ஒரு மூங்கில் கம்பை வைத்துச் செய்து முடித்துவிட்டார் என்று சொன்னேன். (எப்படி முடித்தார் என்பதை அவன் பாட்டி சொல்லிவிட்டாள்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கேரள எல்லைக்குள் இருக்கும் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆசிரியப் பயிற்சியில் "விளையாட்டு வழிக் கல்வி" என்று ஒரு பாடம் இருந்தது. அதில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த மதிப்பெண்தான் என்னைக் கெடுத்தது.

தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துக்கு அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம். அந்தப் பக்கத்து அரிசிக்கு இந்தப் பக்கம் கிராக்கி. பெரியவர்கள் சுமந்தால் பிடிப்பார்கள் என்று வியாபாரிகள் பையன்களைச் சுமக்க வைத்தார்கள். என் வகுப்பில் ஐந்து பேர் சுமந்தார்கள். தலைவன் மயில்சாமி, பதினாலு வயது. அவன் அம்மா எங்கள் தோட்டத்தில் வேலை செய்தாள். ஐந்து பேரும் இரண்டாம் முறை பிடிபட்டபோது மயில்சாமி தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. என்ன மிரட்டியும் வாயைத் திறக்காமல் நின்றான். நான் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் பெயரைச் சொன்னேன்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், வாத்தியாரை மாஷ் என்பார். "மாஷே, மூணாவது தடவை பிடிச்சா துர்குணப் பரிகார பாடசாலைதான். எனக்கு வேற வழியில்ல" என்றார். சீர்திருத்தப் பள்ளிக்கு அங்கே அப்படித்தான் பெயர். கூட வந்திருந்த மயில்சாமியின் அம்மா அந்தப் பெயரைக் கேட்டதுமே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு மாசம் என்கிட்ட விடுங்க. திருத்திக் காட்டறேன்" என்றேன். சொன்ன குரலில் ஒரு துளி சந்தேகம் கிடையாது. எஸ்.ஐ. யோசித்தார். மாசக் கடைசி சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து பார்ப்பதாகவும், திருப்தி இல்லையென்றால் ஐந்து பேரையும் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

என் திட்டம் இதுதான். பள்ளி மைதானத்தில் ஒரு பொய்ச் சோதனைச் சாவடி. குறுக்கே மூங்கில், அதன் நுனியில் கல். பையன்கள் போலீஸ், நான் கடத்தல்காரன். பிடிக்கிறவனாக இருந்து பார்த்தால் பிடிபடுகிறவனின் கேவலம் புரியும் என்பது என் சித்தாந்தம். எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும் என்று, லஞ்சத்துக்குக்கூட ஏற்பாடு செய்திருந்தேன். புளியங்கொட்டைதான் பணம். போலீஸ் அதை வாங்கினால் தோல்வி.

முதல் சனிக்கிழமை துணிப்பையில் மணலைக் கட்டிக்கொண்டு வந்தேன். மூங்கிலைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"சார் மொகத்துல பயமே இல்லைங்களே" என்றான் மயில்சாமி. "மணல் சொமக்கறவன் நடை வேறைங்க, அரிசி சொமக்கறவன் நடை வேறைங்க. இது வெளயாட்டுன்னு நாய்க்குக்கூடத் தெரியுமுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசி சனிக்கிழமை நிஜ அரிசியோடு வருவதாகச் சொன்னேன். எங்களுக்கு வீடு இந்தப் பக்கம், தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம். தோட்டத்துச் சாளை வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. மயில்சாமியே பழைய சேலைத் துணியில் நீளமான பை தைத்துக் கொடுத்தான். அதில் அரிசியை நிரப்பி வயிற்றைச் சுற்றி நாலு சுற்று சுற்றி, மேலே சட்டை. கண்ணாடியில் பார்த்தேன், ஆறு மாதம் என்று சொல்லலாம். தோட்டத்துக்கு வந்திருந்த அம்மா சாளை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, பாடம் நடத்தத்தான சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள். கல்வியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வண்டிப் பாதையில் ஒரு திருப்பம். திரும்பினால், குறுக்கே மூங்கில். நுனியில் கல். பக்கத்தில் காக்கி உடுப்பில் மூன்று பேர்.

எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. மைதானத்தில் இருக்க வேண்டிய மூங்கிலைப் பயல்கள் நிஜ எல்லைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். போதாததற்கு நாடகக்காரர்களைப் பிடித்து உடுப்பு மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நடுவில் நிற்பவரின் மீசை மட்டும் கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

(பாலக்காட்டிலிருந்து அன்று காலைதான் ஒரு பறக்கும் படை வந்திறங்கியிருந்தது. இந்த உலகத்தில் அது தெரியாத ஒரே ஆள் நான்.)

"நில்லு அவிடெ. வயித்துல எந்தா?" என்றார் மீசை.

"அரிசிதான். அதுக்கென்ன இப்போ?" என்றேன். கடத்தல்காரன் திமிராகப் பேச வேண்டும் என்று விதி எழுதியவனே நான்தான்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல நடிப்பு என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். அடுத்தது லஞ்சக் கட்டம். மீசையின் உள்ளங்கையைப் பிடித்து, அதில் ஒரு பிடி புளியங்கொட்டையை வைத்து மூடி, "இதை வெச்சுக்கிட்டு உடுங்க. நீங்களும் புள்ளகுட்டிக்காரரு" என்று கண்ணடித்தேன்.

அவர் கையைத் திறந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த கட்டம் ஓட்டம் என்பதால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். பத்தடி ஓடுவதற்குள் பை கிழிந்து, வேட்டிக்கு உள்ளிருந்து அரிசி கொட்ட ஆரம்பித்தது. பிடரியில் விழுந்த அடிதான் எனக்கு முதலில் விஷயத்தைச் சொன்னது. நாடகக்காரன் யாரும் அப்படி அடிக்க மாட்டான்.

"சார், இது விளையாட்டுங்க. நான் வாத்தியாருங்க. பள்ளிக்கூடத்துல அஞ்சு பசங்க இருக்காங்க, வந்து கேட்டுப் பாருங்க" என்று கெஞ்சினேன். என்ன நினைத்தாரோ, மீசை சம்மதித்தார். சந்தைத் தெரு வழியாக, இரண்டு பக்கமும் போலீஸ், பின்னால் அரிசிக் கோடு, அந்தக் கோட்டைக் கொத்திக்கொண்டு நாலைந்து கோழிகள். அப்படித்தான் என் பள்ளிக்குள் நுழைந்தேன்.

ஐந்து பேரும் பொய்ச் சாவடியில் வரிசையாக நின்றார்கள். பார்த்த மாத்திரத்திலேயே அவர்களுக்கு நிஜப் போலீசை அடையாளம் தெரியும்.

"இந்த ஆளைத் தெரியுமோடா?" என்றார் மீசை.

மயில்சாமி என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தான். "யாருன்னே தெரியாதுங்க."

"டேய் மயிலு, நான்டா. உன்ற சார்டா."

"பாவம், புத்தி சரியில்லாத ஆளாட்ட இருக்குதுங்க. உட்ருங்க."

மற்ற நாலு பேரிடமும் கேட்டார். நாலு பேரும் அதே முகத்தோடு, யாருன்னே தெரியாதுங்க, யாருன்னே தெரியாதுங்க. கடைசிப் பையன் தங்கவேலு மட்டும் போலீஸ் பார்க்காத நேரத்தில், கவலைப்படாதீங்க என்பது போல் எனக்குக் கையைக் காட்டினான். நான் அழும் நிலையில் இருந்தேன்.

மூன்று மணிக்கு எஸ்.ஐ. வந்தார். என்னைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மயில்சாமியை அழைத்து, ஏன் தெரியாது என்றாய் என்று கேட்டார்.

"புடிபட்ட ஆளைத் தெரியும்னு சொன்னா ஊடு தேடிப் போவீங்க. சார் ஊட்ல அம்மா மட்டுந்தானுங்க இருக்கறாங்க."

ஆனால் மீசை விடவில்லை. அரிசி கையில் இருக்கிறது, பறக்கும் படை கண்ணால் பார்த்திருக்கிறது, ஒரு பெயரை எழுதாமல் போக முடியாது என்றார்.

மயில்சாமி ஒரு அடி முன்னால் வந்தான். "அந்தப் பையைத் தெச்சது நானுங்க. சாருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. என்ற பேரு மயில்சாமி. எழுதிக்கங்க."

எழுதினால் அது மூன்றாவது தடவை என்று அவனுக்குத் தெரியும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்றும் தெரியும். ஒரு மாதமாக இவர்களுக்கு நான் எதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"என் அரிசி, என் தோட்டம், என் வயிறு. என் பேரைத்தான் எழுதணும்" என்றேன். அன்று முழுக்க நான் பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

எஸ்.ஐ. பேனாவை மீசையிடம் நீட்டி, மாஷ் சொல்கிறபடி எழுதச் சொன்னார். எழுதியதில் நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். "போன மாசம் லத்தியைக் காட்டியும் இவன் தன் பேரைச் சொல்லல மாஷே. இன்னிக்கு நிங்களுக்காகத் தானாவே சொல்றான். இவனை நான் எங்கயும் அனுப்பல" என்றார். போகும்போது மீசையின் கையிலிருந்த புளியங்கொட்டையை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார்.

ஐந்து பேரும் அதற்குப் பிறகு அரிசி சுமக்கவில்லை. என் விளையாட்டின் வெற்றி என்று பல வருடம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தங்கவேலுதான் காரணத்தைச் சொன்னான். "அத்தனை படிச்ச சாரையே புடிச்சுப் போட்டாங்க. அப்பறம் நாங்கெல்லாம் எம்மாத்திரமுங்க?"

மயில்சாமி இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறை வைத்திருக்கிறான். அவனும் தாத்தா ஆகிவிட்டான். நான் அந்தப் பக்கம் போனால் அவன் வீட்டுக்குப் போகாமல் வருவதில்லை. கதவைத் தட்டினால் அவனே வந்து திறப்பான். உச்சி முதல் உள்ளங்கால் வரை நிதானமாக ஒரு பார்வை பார்ப்பான். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவான்.

"ஆரோ ஒரு பெரியவரு வந்திருக்கறாரு. யாருன்னே தெரியல. ஒரு எலை சேத்திப் போடு."