ஹீட்டர் போட்டுகினு பொண்ணு பாக்கப் போனோம்

போன மே மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, எனக்கு இருந்தது ஒரே வேல. மச்சான் வேலுவுக்குப் பொண்ணு பாக்க, கும்மிடிப்பூண்டிலேர்ந்து ஆர்.கே.பேட்டைக்கு எல்லாரையும் என் கார்ல கூட்டினு போவணும்.

கார் பழசு. எஞ்சின் போயிட்டதால செகண்ட்ஸ்ல வேற எஞ்சின் வாங்கி மாத்தியிருந்தேன். அதுலேர்ந்து டெம்பரேச்சர் முள்ளு செவப்புலயே போய் நிக்குது.

மெக்கானிக்கு, "கொண்டா, பாக்கறேன்"னாரு. நான் போவல. வீடியோ பாத்து நானே ரேடியேட்டர மாத்துனேன். அப்புறம் தெர்மோஸ்டாட். அப்புறம் வாட்டர் பம்ப்பு. முள்ளு எறங்கல. எனக்குத்தான் மெக்கானிக்குன்னு நெனப்பு ஏறிடுச்சு.

ஊத்துக்கோட்டை தாண்டுனதும் முள்ளு செவப்ப தொட்டுச்சு.

"ஹீட்டர ஃபுல்லா வெச்சா சூடு உள்ள வந்துடும். எஞ்சின் தப்பிச்சிக்கும்"னேன்.

"அப்ப நாங்க?"ன்னாங்க மாமியாரு.

போட்டேன். மாமியாரும் பொண்டாட்டியும் பட்டுப்பொடவைல. ஜன்னல தொறந்தா அனலு, மூடுனா ஆவி. வேலு மூஞ்சில அடிச்ச பவுடரு கோடு கோடா சட்டைல எறங்குது. இரும்புக் கம்பெனில உலைகிட்ட வேல செய்யறவன் அவன். அவனே, "மாமா, ட்யூட்டிக்கு வந்த மாதிரியே இருக்குது"ன்னு சிரிச்சான்.

ஆர்.கே.பேட்டைல வேர்வை சொட்டச் சொட்ட எறங்குன எங்கள, பொண்ணோட அப்பா மேலயும் கீழயும் பாத்தாரு. "வழில மழைங்களா?"

"எஞ்சின் சூடுங்க"ன்னு ஆரம்பிச்சி, குடுத்த காப்பி ஆறிப்போற வரைக்கும் வெளக்குனேன். யாரும் கேக்கல. வெளக்குனேன்.

பொண்ணு பேரு கவிதா. காக்களூர்ல, வண்டிக்கு மீட்டர் செய்யற கம்பெனில வேல. சாயங்காலம் நாங்க கெளம்பும்போது கார்கிட்ட வந்து, பானெட்ட தொறக்கச் சொல்லி எஞ்சின் மேல கை வெச்சுது.

"ஆறிடுச்சு. ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் திருப்புங்கண்ணா."

திருப்புனேன். ஆறிக் கெடக்குற எஞ்சினுக்கு முள்ளு பாதிக்கு மேல ஏறி நிக்குது.

"எஞ்சின் சூடே ஆவலண்ணா. இந்த எஞ்சினோட வந்த, சூட்ட அளக்குற சென்சார் உங்க மீட்டருக்கு சேரல. பழைய எஞ்சின்ல இருந்தத கழட்டி இதுல போடுங்க."

"அத எடைக்குப் போட்டுட்டேம்மா."

மாமியாரு வேர்வைக் கற படிஞ்ச பொடவைய உதறுனாங்க.

மறுநாள் மெக்கானிக்கு வேற சென்சார் போட்டாரு. முள்ளு நடுவுல போய் அமைதியா உக்காந்துகிச்சு. அதே நாள் பொண்ணு ஊட்லேர்ந்தும் சம்மதம் வந்துச்சு. "அந்த வேக்காட்டுலயும் சிரிச்சிகினே எறங்குனாரே, அது போதும்"னு கவிதா சொல்லிச்சாம்.

கல்யாணம் ஆவணில. மாமியாரு இப்பவே பஸ்சு பேசிட்டாங்க.