கோயில் இல்லாத சரணாலயம்

அந்தச் சரணாலயத்தில் கோயில் இல்லை.

அன்புச்செல்வி கைப்பேசியில் வரைபடத்தை விரித்தாள், சுருக்கினாள், மறுபடி விரித்தாள். ஓடை இருந்தது. மலை இருந்தது. யானைகள் நடமாடும் பகுதி என்று சிவப்பில் எழுதியிருந்தது. பேருக்கு ஒரு பிள்ளையார்கூட இல்லை.

“இந்த வாட்டி எந்தச் சாமி கண்ணு?” என்றார் அப்பா சென்னியப்பன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

அன்புச்செல்வி தாவரவியல் படித்தவள். பீளமேட்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் வியர்க்கும். நாலாயிரம் மரங்களுக்கு நடுவில் விட்டால் பாடுவாள். தமிழ்நாட்டுச் சரணாலயங்கள் அத்தனையையும் நடந்தே பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது, “பொட்டப்புள்ளைக்குக் காட்டுல என்ன அம்மணி சோலி?” என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அப்போது சமையலறையிலிருந்து அம்மாதான் சொன்னாள், “கோயிலுன்னாப் போயிட்டு வரலாம். காட்டுக்கெல்லாம் ஆகாது.” சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

அன்புச்செல்விக்கு வழி திறந்தது. சத்தியமங்கலம் காட்டுக்குப் பண்ணாரி அம்மன். திருவில்லிபுத்தூர் அணில் சரணாலயத்துக்குச் சதுரகிரி. கோடியக்கரைக்கு ராமர் பாதம். சாமிக்கு ஒரு கும்பிடு. மீதி நாள் முழுக்க வனத்துறை அனுமதியோடு காட்டில் நடை. பொய்யில் பாதி உண்மை என்பதால் தூக்கம் கெடவில்லை. அப்பாவும் தன் மகளைப் போல் பக்தி உள்ள பெண் ஜில்லாவிலேயே இல்லை என்று நம்பினார்.

இப்போது பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு சரணாலயம். அனுமதி கிடைத்துவிட்டது. சாமிதான் கிடைக்கவில்லை.

“காட்டுக்குள்ள ஒரு அம்மனுங்கப்பா.”

“பேரு?”

“வனத்தம்மன்.”

“சக்தியான சாமியா?”

“பயங்கரச் சக்திங்கப்பா.”

அந்தப் ‘பயங்கர’த்தைச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா வெளியே போய்ப் பக்கத்து வீட்டுப் பாவாத்தாளிடம் சொன்னார். பாவாத்தாளிடம் சொன்னால் மதுக்கரைக்கே சொன்ன மாதிரி.

சாயங்காலம் பாவாத்தாள் வந்தாள். “ஏன் அம்மணி, எம்பட பையனுக்கு மூணு வருசமாப் பொண்ணு அமையல. நானும் வாரேன்.”

“பெரியம்மா, அங்க வண்டி போகாதுங்க. நடக்கோணும்.”

“நடந்து போனாத்தான கண்ணு வேண்டுதலு.”

“அட்டை கடிக்குமுங்க. ரத்தம் வரும்.”

பாவாத்தாளின் முகம் மலர்ந்தது. “ரத்தங் கேக்கற சாமியா! அப்ப நெசமாலுமே பயங்கரந்தான்.”

ராத்திரிக்குள் அந்தத் தெருவிலிருந்து ஒரு வேன் கொள்ளும் அளவுக்குப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அன்புச்செல்வி மறுநாள் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அனுமதி மறுத்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் நம்பிக்கை.

“சார், நாங்க நெறையப் பேரு வாரோமுங்க.”

“வாங்கம்மா.”

“ரொம்ப சத்தம் போடுவாங்க சார்.”

“பரவால்லம்மா. லேடீஸ் குரூப்பு காடு பாக்க வரதே அபூர்வம். எங்க மேலதிகாரி ரொம்ப சந்தோசப்படுவாரு. பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்.”

கடைசியாக, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல் என்றாள்.

அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. “அம்மன் கூப்புடுது கண்ணு. இதுக்கு மேல நிக்கவே கூடாது.”

வேனுக்கு அவரே சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் வாசலில் நின்று யோசித்தார். “இவ்வளவு நாளு நீ தனியாப் போயிட்டு வந்தே. இப்ப நாலு பேரு பாத்துப்போட்டு வந்து சொல்லட்டும். நல்ல கோயிலுதான்னு சொல்லிட்டா நீ எங்க வேணும்னாலும் போய்க்க. நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லீன்னா, அலைஞ்சது போதும். வூட்டுலயே வெளக்கேத்திக் கும்புட்டுக்க.”

அன்புச்செல்விக்கு இப்போது நிஜமாகவே காய்ச்சல் வரும் போலிருந்தது. களக்காடு பாக்கி. முதுமலை பாக்கி. பாதித் தமிழ்நாடு பாக்கி.

“நானும் வாரேன்” என்றாள் அம்மா. அவள் பிறந்த ஊர் அந்தக் காட்டை ஒட்டித்தான். கல்யாணமாகி மதுக்கரைக்கு வந்தபின் அந்தப் பக்கமே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் கிளம்பியது. எல்லோரும் மஞ்சள் சேலை. பெரிய தூக்குப்போசிகளில் சந்தகையும் கச்சாயமும். மயில்சாமி என்ற ஓட்டுநர் பக்திப் பாட்டு போட, பாவாத்தாள் அதற்குமேல் பாடினாள்.

அன்புச்செல்வியின் பையில் ஒரு திட்டம் இருந்தது: கால் கிலோ மஞ்சள்தூள். எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் ஒரு கல்லைப் பார்த்துப் பூசிவிட்டால் அம்மன் தயார்.

சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஐயாசாமி நின்றிருந்தார். நரைத்த மீசை, இதே காட்டில் வேலை பார்த்தே ஓய்வுபெறப் போகும் வயது. பையைத் திறந்து பார்த்தார்.

“மஞ்சத்தூளு எதுக்குங்க?”

“முகத்துக்குங்க.”

“கால் கிலோவா? காட்டுக்குள்ள கல்லு மரம் எதுலயும் எதையும் பூசக் கூடாதுங்க. திரும்பி வாரப்ப வாங்கிக்குங்க.”

அம்மன் சோதனைச் சாவடியிலேயே பறிமுதலாகிவிட்டாள்.

இனி ஒரே வழி, களைக்க வைப்பது. பாதி வழியில் இவர்களே திரும்பிவிட வேண்டும். அன்புச்செல்வி விறுவிறுவென்று நடந்தாள். ஏற்றத்தில் ஏறினாள். ஓடையில் இறங்கினாள். “இன்னும் சித்த தூரந்தானுங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

யாரும் களைக்கவில்லை. மருதமலைப் படிகளை மாதாமாதம் ஏறி இறங்கும் கால்கள் அவை. அன்புச்செல்விக்குத்தான் மூச்சு வாங்கியது.

“என்ன கண்ணு, கம்ப்யூட்டர் முன்னாடியே குந்தீட்டு கெடந்தா இப்படித்தான்” என்றாள் பாவாத்தாள், காலில் ஏறிய அட்டையைச் சுண்டிவிட்டபடி. “ஒரு கச்சாயம் தின்னு, தெம்பு வரும்.”

அம்மா மட்டும் வரிசையின் கடைசியில் வந்தாள். வெயிலே விழாத நிழலிலும் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். ஐயாசாமி திரும்பும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது ஒரு செடியை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஐயாசாமி கையை நீட்டி மறித்தார். “இதுக்கு மேல அனுமதி இல்லீங்க.”

ஓடைக்கரை. சுற்றிலும் காடு. மஞ்சள் சேலைகள் அத்தனையும் அன்புச்செல்வியைப் பார்த்தன.

“கோயிலெங்க அம்மணி?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத ஒரு நீர்மருது மரம். வெளிறிய பட்டை, தண்ணீரைத் தொடும் வேர்கள்.

“இதுதானுங்க.”

“மரமா?”

“மரந்தானுங்க அம்மன்.”

பாவாத்தாள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அன்புச்செல்வியைப் பார்த்தாள். “அர்ச்சனைக்கு அம்மனோட முழுப்பேரு சொல்லு.”

பயத்தில் வனத்தம்மன் என்ற பேரே மறந்துபோனது. படித்த தாவரவியல் பெயர் மட்டும் வாயில் வந்தது.

“டெர்மினாலியா அர்ஜுனா.”

பாவாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அர்ஜுனாவா! பாண்டவங்க காலத்துச் சாமியடீ!”

குலவைச் சத்தம் கிளம்பியது. அந்த மரத்திலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே வீச்சில் பறந்தன. மலையணில் ஒன்று இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்குத் தாவ, “வாகனம்! வாகனம்!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள். “போயி மொதல் வேலையா உங்கப்பன்கிட்டச் சொல்றேன் கண்ணு. இந்த மாதிரிக் கோயிலு நான் கண்டதேயில்ல” என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிக்கொண்டே போனாள் பாவாத்தாள்.

அன்புச்செல்விக்குக் களக்காடு தெரிந்தது. முதுமலை தெரிந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஐயாசாமி ஒருவர்தான் பாக்கி. மீசையைத் தடவிக்கொண்டு மரத்தையே பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. அன்புச்செல்வி கண்ணாலேயே கெஞ்சினாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா மரத்தடியில் குனிந்து கும்பிட்டாள். முந்தானை நழுவியது. ஐயாசாமியின் கண்கள் விரிந்தன. மெல்ல அவள் பக்கம் வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்து கேட்டார்.

“ஏனுங்கக்கா, கல்யாணத்துக்கு முன்னால நீங்க வூட்டுல அம்மன்னு சொல்லிப்போட்டு வாரது மேக்கால இருக்கற அத்திமரத்துக்குத்தானுங்களே, எப்ப இதுக்கு மாத்துனீங்க?”