அம்பர் கல்லும் ஓர் உருளைக்கிழங்கும்

டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் அன்று மீன் விற்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. எல்லோரும் ஊர் மன்றத்தில். கடல் ஒதுக்கிய அம்பர் என்னும் பொன்னிறப் பிசின் கல்லால் கைநடுக்கத்தை ஓட்டும் மகான் பால்தசார் எழுந்தருளியிருந்தார். வெறுங்கையோடு அல்ல, அறிவியலோடு! மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டுவார். நடுக்கம் திரையில் அலையலையாக ஓடும். திரையில் தெரிந்தால் பொய்யாகுமா?

முன்வரிசையில் எய்னார். பார்க்கின்சன் நோய்க்காரர். காலை மாத்திரையை அவர் தொடவே இல்லை. "கல்லு வந்தாச்சு, இனி இது எதுக்கு?" என்று குப்பையில் போடப் போனவரிடமிருந்து டப்பாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் மனைவி விபேக்கே.

மகான் எய்னாரை மேடைக்கு அழைத்தார்.

"கையை மடியில சும்மா போடுங்க. நூறுலேருந்து ஏழேழா கழிச்சுச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி மூணு... எண்பத்தி... ஆறு..."

திரையில் புயலடித்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"கணக்கு போதும். இந்தக் கல்லை இறுக்கிப் பிடிச்சுத் தூக்குங்க."

அலை அடங்கியது. அடங்கியதுமே கருவியை அணைத்துவிட்டார் மகான். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

விபேக்கே தட்டவில்லை. எய்னாரின் கை மடியில் கிடந்தால் ஆடும், வரிக்கணக்குப் போட்டால் துள்ளும், காபிக் கோப்பையைத் தூக்கினால் அடங்கும். தினமும் பார்க்கிறாரே! விறுவிறுவென்று மேடையேறினார்.

"ஐயா, கருவியைப் போடுங்க. எய்னார், கல்லோடயே கையை மடியில வை. ஏழேழா கழி."

"மறுபடியுமா? எனக்குக் கணக்கு வராதுன்னு தெரியும்ல!"

"கழின்னா கழி!"

கல்லும் கையும் சேர்ந்து தடதடத்தன. திரையில் பழைய புயல்.

"கணக்கை விடு. கல்லைக் கீழ வச்சுட்டு இதைப் பிடிச்சுத் தூக்கு."

காய்கறிப் பையிலிருந்து வந்தது ஓர் உருளைக்கிழங்கு. அலை அடங்கியது!

"ஏம்மா, அந்தக் கிழங்கு எந்தக் கடையில?" என்றது பின்வரிசை. மன்றமே சிரித்தது.

"கிழங்குலயும் பூமியோட சக்தி..." என்று இழுத்தார் மகான்.

"அப்ப உங்க கல்லு எதுக்குய்யா? வேகவச்சுத் திங்கவாவது முடியுமா?" என்றார் விபேக்கே.

எய்னாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மாத்திரையை எங்க வச்ச?" என்று மெல்லக் கேட்டார். மேடையில் மகான் விற்பனைக்கு வைத்திருந்த மந்திரத் தண்ணீரிலேயே அதை விழுங்கினார். அன்று அந்தத் தண்ணீர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கருவி பொய் சொல்லவில்லை, பெருமக்களே. அது கையைத்தான் அளக்கும். கருவியைக் காட்டுகிறவனை அளக்கக் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதைத் தொப்பி மாட்ட மட்டுமா வைத்திருக்கிறீர்கள்?