சாகத் தெரிந்த கீரி

ஒரு காட்டில், எந்தக் காடு என்று சொன்னால் என்மேல் கேஸ் போட்டுவிடுவார்கள், மாசிலாமணி என்று ஒரு கீரி இருந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் சம்பளம் இருபதாம் தேதி வரை வரும். அப்பேர்ப்பட்ட கீரிக்கு வந்த ஆசையைப் பாருங்கள்: பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியால் சண்டை விளையாட வேண்டுமாம்!

அதற்கென்றே அங்கே ஒரு மைதானம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பணக்கார மிருகங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, புதருக்குள் பதுங்கிச் சுட்டுக்கொள்ளும். நடுவர் கிடையாது. குண்டு பட்டவர் தாமாகவே "பட்டுடுச்சு" என்று கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். அதுதான் சட்டம்.

"அந்தத் துப்பாக்கி விலைக்கு ரெண்டு வருஷ அரிசி வாங்கலாம்," என்றது மனைவி பாக்கியம்.

"ஒரே ஒருத்தரைச் சுட்டு, அவர் வாயால 'பட்டுடுச்சு'ன்னு கேட்டுட்டா போதும் பாக்கியம். அப்புறம் செத்தாலும் சரி."

மைதான வாசலில் நரி ஒரு படிவத்தை நீட்டியது. 'துப்பாக்கி ரகம்' என்ற கட்டத்தில் கீரி "வாங்க உத்தேசம்" என்று எழுதியது. 'கட்டணம்' என்ற கட்டத்தில் "செலுத்த உத்தேசம்". நரி தலையில் அடித்துக்கொண்டு, இன்று ஒரு நாள் மட்டும் என்று உள்ளே விட்டது.

கறுப்பு பெயின்ட் அடித்த பிவிசி பைப்போடு கீரி ஒரு புதரில் பதுங்கியது. எதிரே தேன் வியாபாரி கரடி கதிரேசன், கையில் யானை விலைத் துப்பாக்கி (யானைகள் மன்னிக்கவும்). கரடி சுட்டது. குண்டு எங்கேயோ தேக்கு மரத்தில் போய் மோதியது. ஆட்டத்தில் இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் கீரி, "ஐயோ, பட்டுடுச்சே!" என்று மூன்று முறை உருண்டு, காலை உதறிச் செத்தது.

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு வருஷமாச் சுடறேன்ப்பா. எவனும் ஒத்துக்கிட்டதில்லை, 'படலையே'ன்னு தட்டிவிட்டுட்டுப் போயிடறானுங்க. நீ ஒருத்தன்தான் யோக்கியன்! வாராவாரம் வந்துடு, உன் கட்டணம் என் பொறுப்பு."

அதிலிருந்து கீரிக்கு ராஜயோகம். கண்ணாடி வந்தது, பூட்ஸ் வந்தது, மதியம் பிரியாணி வந்தது. "இன்னிக்கு என் கையாலதான் சாகணும்," என்று காட்டுப்பன்றி முன்கூட்டியே சொல்லிவைத்தது. கீரியும் சும்மா சொல்லக்கூடாது, ஓடையில் விழுந்து, மரத்தில் சாய்ந்து, கடைசி வார்த்தை பேசி, வகைவகையாகச் செத்தது. வீட்டுக்கு வந்தால் மட்டும் முகம் தொங்கிவிடும். "நான் இன்னும் ஒருத்தரையும் சுடலையே பாக்கியம்."

ஒருநாள் கரடி புதுத் துப்பாக்கி வாங்கிக்கொண்டு, பழசைக் கீரிக்குக் கொடுத்தது. அடுத்த ஞாயிறு கீரி குறிவைத்து, கரடியின் தொப்பையில் சுட்டது. 'டப்' என்ற சத்தம் வாசலில் இருந்த நரி வரைக்கும் கேட்டது.

கரடி தொப்பையைத் தடவிக்கொண்டது. "படலையே."

"முதலாளி, சத்தம் கேட்டுச்சுங்களே!"

"படலைங்கறேன்ல?" கரடியின் முகம் சுருங்கியது. "என்ன மாசிலாமணி, நீயும் மத்தவனுங்க மாதிரி ஆயிட்டியா? நல்லாத்தானே செத்துக்கிட்டு இருந்தே?"

புதருக்குப் புதர் தலைகள் எட்டிப் பார்த்தன. வாசலில் நரி ஒரு புதுப் படிவத்தை எடுத்து, 'கட்டணம்' என்ற கட்டத்தில் தூசி தட்டியது. பட்டது என்று கீரிக்கும் தெரியும், கரடிக்கும் தெரியும்.

கீரி துப்பாக்கியைக் கீழே போட்டது. "ஐயோ, பட்டுடுச்சே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது.

"நான் இன்னும் சுடவே இல்லையேப்பா," என்றது கரடி, மனம் குளிர்ந்து.

"புதுத் துப்பாக்கி இல்லீங்களா முதலாளி," என்றது செத்த கீரி. "முன்னாடியே பட்டுடுது."

நீதி: காசில்லாதவனும் எந்தக் காஸ்ட்லி விளையாட்டையும் ஆடலாம், செத்துக் காட்டுவதற்குக் கட்டணம் கிடையாது.